மஹய்யாவ வழியே...



மாசி மாதம் பாதி கடந்துவிட்டால் கண்டியில் இருப்பவர்கள் நாட்காட்டி பார்க்க வேண்டியதில்லை. சுபஹுக்கு எழும்பி வுழூ செய்யும்போது தண்ணீர் இன்னும் கையைக் கடிக்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். லுஹர் தொழுது முடித்துக் கொஞ்ச நேரத்தில் ஹந்தானை மலைப் பக்கம் கருமேகம் திரளும். மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ இடியும் மின்னலுமாக ஒரு மழை கொட்டித் தீர்க்கும். மஃரிபுக்குள் வானம் கழுவி வைத்த பீங்கான் போலாகிவிடும்.

வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேல் பருவக்காற்று இன்னும் எழாத மார்ச், ஏப்ரல் மாதங்களில் இப்படித்தான் இருக்கும். காலை வெயிலில் நிலம் சூடேற, ஈரக்காற்று மேலெழுந்து மலையில் ஏறி, பின்னேரம் மழையாய் விழுகிறது. இதை இடைப்பருவ மழை என்கிறார்கள். ஐரோப்பாக் கதைகளில் வரும் பனி உருகும் வசந்தம் நமக்கு இல்லை. ஆனாலும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு அல்லாஹ் ஒரு சின்ன வசந்தத்தைத் தராமல் விடவில்லை.

வேலியோரத்து முள்முருங்கை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, சிவப்புப் பூவை மட்டும் அணிந்து நிற்கும். சிங்களச் சகோதரிகள் அதை 'எறபது' என்பார்கள். குயில் விடியுமுன்பே கூவத் தொடங்கும். 'கோஹா கூவிவிட்டது, அவுருது வந்துவிட்டது' என்று பக்கத்து வீட்டில் சித்திரைப் புத்தாண்டுக்கு நாள் எண்ணுவார்கள். வரட்சிக்குப் பிறகு முதல் மழை பெய்து சில நாட்களில் வீட்டுத் தோட்டத்துக் கோப்பிச் செடிகள் ஒரே நாளில் வெள்ளையாய்ப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த வாசனை. இரண்டு மூன்று நாட்கள்தான், பிறகு பழுப்பாகி உதிர்ந்துவிடும்.

2024, 2025, 2026 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ரமழான் இந்தப் பருவத்தை ஒட்டியே வந்தது. பகலில் வெயில், பின்னேரம் மழை, நோன்பு திறக்கும் நேரத்தில் குளிர்ந்த காற்று. கஞ்சிச் சட்டியோடு பள்ளிவாசலுக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தப் பருவத்தில் கண்டியைச் சுற்றிப் பயணம் போகும் சகோதரிகளோடு இரண்டு வார்த்தை பேசலாம் என்றுதான் எழுதுகிறேன். வழியில் வரும் சிறு சிறு துன்பங்களைப் பற்றியும், அந்த நேரத்தில் கை கொடுக்கும் சிறு சிறு உபகாரங்களைப் பற்றியும் சொல்லப் போகிறேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம் தலதா மாளிகையோ, பேராதனைப் பூந்தோட்டமோ அல்ல. எல்லோரும் கடந்து போகும், யாரும் இறங்கிப் பார்க்காத மஹய்யாவ.

ஒரு தகப்பனின் கடிகாரம்

கண்டி பஸ் நிலையத்தருகே மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று இருக்கிறது. 'மணிக்கூட்டுக் கிட்ட நில்லுங்க' என்று சொல்லிச் சொல்லியே கண்டியில் எத்தனையோ குடும்பங்கள் ஒன்று சேர்ந்திருக்கின்றன. ஆனால் அது எப்படி வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

அதைக் கட்டுவித்தவர் ஹாஜி முஹம்மத் இஸ்மாயீல். இளம் வயதில் விபத்தில் இறந்துபோன தம் மகன் முஹம்மத் ஸக்கியின் நினைவாகக் கட்டினார். பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களை வடிவமைத்த ஷேர்லி த அல்விஸ் அதை வரைந்து கொடுத்தார். 1950இல் அன்றைய பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க அதைத் திறந்து வைத்தார்.

சகோதரிகளே, சிறிது யோசித்துப் பாருங்கள். விபத்து மகனைப் பறித்துக் கொண்டது. அந்தத் தகப்பன் தம் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைத்துக் கொள்ளவில்லை. ஊருக்கு வருபவரும் போகிறவரும் நேரம் பார்த்துக் கொள்ள ஒரு கடிகாரமாக அதை நிறுத்தினார். பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கும் முஸ்லிம் பெண்ணும், சந்தைக்கு வந்த சிங்களத் தாயும், தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த தமிழ் மூதாட்டியும் அதை நிமிர்ந்து பார்க்கிறார்கள். யாரிடமும் அது மதம் கேட்பதில்லை.

யாழ்ப்பாண வீதியின் முதல் வளைவுகள்

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 321 கிலோமீட்டர் போகும் பெரிய வீதிதான் ஏ-9. யுத்த காலத்தில் அடிக்கடி மூடப்பட்டு, நாட்டையே இரண்டாகப் பிரித்து வைத்த அதே வீதி. வடக்கே அதன் பெயரைக் கேட்டாலே மக்களுக்குப் பதுங்கு குழியும் சோதனைச் சாவடியும் நினைவுக்கு வரும். நம் பக்கத்தில் அது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வீதி. நகரை விட்டுக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கிளம்பியதும் அதன் முதல் வளைவுகள் மஹய்யாவையில்தான் வருகின்றன. அதைத் தாண்டி மகாவலியைக் கடந்தால் அக்குறணை, பிறகு மாத்தளை.

மஹய்யாவ என்றதும் கண்டி முஸ்லிம்களுக்கு முதலில் நினைவு வருவது மையவாடிதான். நம்மவர்கள் எத்தனையோ பேரை அங்கே கொண்டுபோய் அடக்கியிருக்கிறோம். நகரின் பொது மயானமும் அங்கேதான் உண்டு. ஆகவே அந்த வளைவில் பஸ் திரும்பும்போது சில பெண்கள் முந்தானையைச் சரி செய்துகொண்டு மெல்ல ஸலாம் சொல்வார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் பிள்ளைகளை மறுபக்கம் பார்க்கச் சொல்வார்கள்.

மறுபக்கம் பார்த்தால், சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள் இருக்கும். கொடியில் காயும் துணிகள், குழாயடியில் வரிசையாய்க் குடங்கள். கண்டி மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர்களின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம் அது. அந்தப் பக்கமும் பலர் பார்ப்பதில்லை.

வழியில் வரும் துன்பங்கள்

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸில் காண்கிறோம். உறக்கத்தையும் உணவையும் அது தடுத்துவிடும், காரியம் முடிந்ததும் விரைந்து வீடு திரும்புங்கள் என்பது அவர்களது அறிவுரை. ஒட்டகப் பயணத்துக்கு மட்டும் சொன்னது அல்ல அது. கைக்குழந்தையும், கஞ்சிப் போத்தலும், மாமி வீட்டுக்குக் கொண்டுபோகும் வட்டலப்பச் சட்டியுமாக இரண்டு பஸ் மாறியவர்கள் அதை நன்றாக அறிவார்கள்.

மழை நாளில் பஸ் நிலையத்தில் இடி இடித்துக் கொண்டிருக்கும். பெயர்ப்பலகையை மறைத்துக் கொண்டு சனம் நிற்கும். மாத்தளை பஸ் என்று ஏறினால் அது வத்தேகமைக்குப் போகும். சில்லறை இல்லை என்று கொண்டக்டர் முகம் சுளிப்பார். பிள்ளைக்கு வாந்தி வரும். பையில் வைத்த கறிச்சட்டி கவிழ்ந்து அபாயா முழுதும் மஞ்சளாகும். அஸர் நேரம் போய்க் கொண்டிருக்கும்; பெண்கள் தொழ இடம் எங்கே என்று யாரிடம் கேட்பது என்று தெரியாது.

இவற்றில் எதுவும் பெரிய விபத்து இல்லை. வீடு போய்ச் சேர்ந்ததும் சிரித்துக் கொண்டு சொல்லும் கதைகள்தான். ஆனால் அந்த நேரத்தில் கண்ணில் நீர் முட்டும். அப்போது யாராவது ஒருவர், 'துவ, பபாவ மட்ட தென்ன' என்று சிங்களத்தில் சொல்லிக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக் கொள்வார். 'மகளே, பிள்ளையை என்னிடம் கொடு' என்பதுதான் அதன் பொருள். முன்பின் தெரியாத அந்த அம்மா நம்மைத் தம் மகளாக்கிக் கொண்டுவிட்டார். கொண்டக்டர் பத்து ரூபாயை விட்டுவிடுவார். கடைக்காரர் மனைவி உள்ளே கூப்பிட்டு, பாய் விரித்து, கிப்லா இந்தப் பக்கம் என்று கை காட்டுவார்.

கொடுத்தவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை. மறு நாள் மறந்துவிடுவார்கள். வாங்கியவர் இருபது வருடம் கழித்தும் சொல்லிக் கொண்டிருப்பார். உபகாரம் சிறியது என்பது கொடுப்பவரின் கணக்கு. வாங்குபவரின் கணக்கில் அது சிறியது அல்ல.

ஒரு பின்னேர மழையில்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து சின்ன மகனோடு கண்டிக்கு வந்து கொண்டிருந்தேன். மஹய்யாவைக்கு வந்ததும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. இனி ஓடாது, இறங்குங்கள் என்றார்கள். இறங்கி நாலு அடி வைக்கவில்லை, மழை. ஓடிப்போய் ஒரு கூரையின் கீழ் ஒதுங்கும்போது என் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் சாமான் பை, ஒரு காலில் செருப்பு.

அங்கே ஏற்கெனவே ஒரு வயதான அம்மா ஒதுங்கி நின்றார். மாநகர சபைச் சட்டை. பக்கத்தில் நீளக் கம்பு வைத்த ஈர்க்கு விளக்குமாறு. மழை கொட்டும் நேரத்திலும் அவர் சும்மா நிற்கவில்லை. காலால் இலைகளையும் பொலித்தீன் பைகளையும் தள்ளிக் கான் வாயை அடைக்காமல் பார்த்துக் கொண்டிருந்தார்.

"தங்கச்சி, செருப்பக் கழட்டிக் குடுங்க" என்றார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் குனிந்து தாமே எடுத்துக் கொண்டார். விளக்குமாற்றுக் கம்பில் சுற்றியிருந்த கம்பியில் ஒரு துண்டைத் திருகி எடுத்து, வாரைக் கோத்து, முனையை உள்ளே மடித்து அழுத்தி, "காலக் குத்தாது, பாத்துட்டேன்" என்று திருப்பித் தந்தார். அந்தச் செருப்பு அதன் பிறகு இரண்டு மாதம் உழைத்தது.

பக்கத்துத் தேநீர்க் கடையில் இரண்டு பிளேன்டீ வாங்கினேன். கடைக்காரர் எனக்குக் கண்ணாடிக் கிளாஸிலும், அவருக்கு மெல்லிய பிளாஸ்டிக் கோப்பையிலும் ஊற்றினார். ஏன் என்று கேட்டேன். கடைக்காரர் வாய் திறக்குமுன் அந்த அம்மாவே முந்திக்கொண்டு, "விடுங்க தங்கச்சி, எங்களுக்கு இதுதான் பழக்கம்" என்றார். சூடு தாங்காமல் அந்தக் கோப்பையை முந்தானையால் பிடித்துக் கொண்டு குடித்தார்.

வீடு எங்கே என்று கேட்டேன். மேட்டைக் காட்டினார். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டபோது முகம் மலர்ந்தது. மகள் படித்திருக்கிறாளாம். "ஆனா வேலைக்கு எழுதிப் போடுறப்ப இந்த விலாசத்தப் போட மாட்டா. சொந்தக்காரங்க வீட்டு விலாசம்தான் போடுவா. மஹய்யாவன்னு பாத்தா கூப்பிட மாட்டாங்களாம்" என்றார். சொல்லிவிட்டு, மழை குறைந்ததைப் பார்த்து விளக்குமாற்றை எடுத்துக் கொண்டு போய்விட்டார். பெயர் கேட்கக் கூட நேரம் தரவில்லை.

இந்த வழியில் நடந்து வந்தவர்கள்

அந்த மேட்டுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள்? இந்தப் பருவத்தில் பூக்கிறது என்று சொன்னேனே, அந்தக் கோப்பிச் செடியிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது.

ஆங்கிலேயர்கள் 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய பின் மலையெல்லாம் கோப்பி நட்டார்கள். வேலைக்குத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஏழை மக்களைக் கொண்டு வந்தார்கள். தோணியில் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மாத்தளை வழியாக மலை ஏறியவர்கள் அவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். புதைக்கவும் ஆள் இல்லாமல் போனவர்களும் உண்டு. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, மக்கள் தங்கிவிட்டார்கள்.

1865இல் கண்டி மாநகர சபை ஏற்பட்டது. நகரம் வளர வளர, அதைக் கூட்டவும் கான் சுத்தம் செய்யவும் மலம் அள்ளவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்கும் தென்னிந்தியாவிலிருந்தே கொண்டு வந்தார்கள். ஊரில் எந்தச் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டார்களோ அதே ஒதுக்கலோடு இங்கேயும் குடி வைத்தார்கள். அவர்களது பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று மஹய்யாவையில் வாழ்பவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய வம்சாவளி மக்களின் குடியுரிமையைப் பறித்தது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டு இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது.

இதில் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். நம் முன்னோரும் இந்த மலைக்கு வழிப்போக்கராகவே வந்தவர்கள். 1626இல் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களைத் துரத்தியபோது கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். கண்டி மன்னர் காலத்தில் 'மடிகே' என்ற பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவில் நம்மவர்களே பெரும்பாலும் இருந்தார்கள். மாடுகளின் முதுகில் பொதியேற்றி, கரையிலிருந்து உப்பும் கருவாடும் புடவையும் கொண்டு வந்து, பாக்கு ஏற்றிப் போனார்கள். அந்த மாட்டு வரிசைக்குத் 'தவளம்' என்று பெயர். மாடு சறுக்கி உப்பு மழையில் கரைந்த நாட்களில், வழியோரச் சிங்களக் கிராமத்தில் யாரோ ஒருவர் திண்ணை கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த வியாபாரம் நடந்திருக்காது. அடைக்கலம் கிடைத்தவர்களின் பிள்ளைகள் நாம். இன்னொரு வழிப்போக்கரின் பிள்ளைகளைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு என்ன உரிமை?

கூட்டிப் பெருக்கிய ஒரு பெண்

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. அவற்றில் கடைசிப் படியில் இருப்பது வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது. மதரஸாவில் எல்லோரும் ஓதிய ஹதீஸ்தான். நாம் ஒரு கல்லையோ, வாழைப்பழத் தோலையோ ஓரமாய்த் தள்ளிவிட்டால் மனம் நிறைந்து போகிறது. வாழ்நாள் முழுவதும் அதையே தொழிலாகச் செய்கிறவரைப் பார்த்தால் மட்டும் நமக்கு அருவருப்பு வருகிறது. என்ன முரண் இது!

மதீனாவில் ஒரு பெண் இருந்தார். கறுத்த நிறத்தவர், ஏழை. நபியவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்குவார். சில நாட்களாக அவரைக் காணவில்லை. எங்கே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார், அடக்கம் செய்துவிட்டோம் என்றார்கள் தோழர்கள். இந்தச் சின்ன விஷயத்துக்காக நபியவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எண்ணிவிட்டார்கள் போலும். நபியவர்களோ, எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவரது கப்று எது என்று காட்டச் சொல்லி, அங்கே போய் அவருக்காகத் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற சம்பவம் இது.

மஹய்யாவ வளைவில் மையவாடிக்கு ஸலாம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவு வருகிறது. ஒரு பக்கம் கப்றுகள். மறுபக்கம் கூட்டிப் பெருக்குகிறவர்களின் வீடுகள். நபியவர்கள் முகம் திருப்பாத இரண்டு இடங்கள் அவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வீடுகளில் குசினிப் பின்வாசலில் ஒரு பழைய கோப்பை தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கான் துப்புரவு செய்ய வருபவருக்கு, குப்பை எடுப்பவருக்கு என்று. அந்தக் கோப்பை எந்த மார்க்கத்தில் இருந்து வந்தது? குர்ஆனில் இல்லை, ஹதீஸில் இல்லை. அயலவருக்குக் கொடுப்பது ஆட்டுக் குளம்பாக இருந்தாலும் அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபியவர்கள் முஸ்லிம் பெண்களைத்தான் விளித்துச் சொன்னார்கள். கொடுக்கும் பொருள் சிறிதாக இருக்கலாம். கொடுக்கும் பாத்திரத்தில் இழிவு இருக்கக் கூடாது.

ஒரு வீதித் தகராறு

சின்ன உபகாரங்களைப் பற்றி எழுத ஒரு கட்டுரை வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். இதே பருவத்தில், இதே மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

2018 பெப்ரவரி 22. தெல்தெனியவில் ஒரு வீதித் தகராறு. சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் நால்வர் தாக்கினார்கள். அவர் மார்ச் 3ஆம் திகதி இறந்து போனார். அடுத்து வந்த நாட்களில் திகண, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகணயில் எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கண்டியில் ஊரடங்கு.

அந்தக் கலவரத்துக்குப் பின்னால் நெடுநாளாய் ஊட்டப்பட்ட வெறுப்பு இருந்தது, அரசியல் இருந்தது, தடுக்க வேண்டியவர்களின் தாமதம் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தீக்குச்சி எது? வழியில் இரண்டு வாகனத்தாருக்கு இடையே வந்த ஒரு சில்லறைச் சச்சரவு. யாராவது ஒருவர், 'மன்னித்துக் கொள்ளுங்கள்' என்ற ஒரு வார்த்தையோடு விலகிப் போயிருந்தால்? ஒரு சிங்களத் தாய்க்கும் ஒரு முஸ்லிம் தாய்க்கும் மகன்கள் மிஞ்சியிருப்பார்களே!

அதே நாட்களில் முஸ்லிம் அயலவரைத் தம் வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக் காத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. அவர்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பல வருடங்களாகக் கறி கொடுத்து, கஞ்சி வாங்கி, பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொண்ட பழக்கம்தான் ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மலைகள் சரிந்தன, வீதிகளும் ரயில் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. பள்ளிவாசல்களில் சமைத்த சோற்றுப் பார்சல்கள் யார் யாருக்கெல்லாமோ போயின. சேறு வழித்து வீதியைத் திறந்தவர்களின் பெயரை யார் கேட்டோம்?

பயணப் பைக்குள் இருக்க வேண்டியவை

இந்தப் பருவத்தில் கண்டிப் பக்கம் வரும் சகோதரிகளுக்குச் சில யோசனைகள்:

முடிந்தால் காலையிலேயே புறப்படுங்கள். மழைக்கு முன் காரியம் முடிந்துவிடும். வெயிலைப் பார்த்துக் குடையை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

பையில் நாலு ஊக்கு, ஒரு துண்டு நூல், இரண்டு பொலித்தீன் பை, கொஞ்சம் இஞ்சி, சில்லறைக் காசு இருக்கட்டும். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.

மெல்லிய முஸல்லா ஒன்றை மடித்து வைத்துக் கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீட்டர். இத்தகைய தூரப் பயணத்தில் தொழுகையைச் சுருக்கவும் சேர்த்துத் தொழவும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மாத்தளையிலிருந்து வருபவர்களுக்கு அந்தத் தூரம் இல்லை. விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளின் வீட்டுப் பெண்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: வழிப்போக்குப் பெண்கள் தொழ ஒரு சின்ன அறை, வுழூ செய்ய ஒரு குழாய், வெளியே தெரியும்படி ஒரு பலகை. ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான் என்பதை நினைவுபடுத்துங்கள்.

இவையெல்லாம் நமக்காக. மற்றவருக்காகவும் பையில் கொஞ்சம் இடம் விடுங்கள். நாலு பேரீச்சம்பழம் அதிகமாக இருக்கட்டும். குடைக்குள் இன்னொருவருக்கு இடம் இருக்கட்டும். கர்ப்பிணி நின்றால் எழும்பிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிங்களவராக இருந்தால், இறங்கும்போது 'ஸ்தூதி' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாகனம் ஓட்டும் உங்கள் மகனிடமும் தம்பியிடமும், வழியில் யாராவது ஏசினால் பதில் சொல்லாமல் வந்துவிடு என்று புறப்படும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பயணி கேட்கும் துஆ தட்டப்படாது என்கிறார்கள். உங்களோடு பஸ்ஸில் வந்தவர்களுக்காகவும் கேளுங்கள்.

வீதி கூட்டுபவரைக் கடக்கும்போது நின்று முகம் பார்த்துப் பேசுங்கள். வயதுக்கேற்ப அம்மா என்றோ, அண்ணா என்றோ, தம்பி என்றோ கூப்பிடுங்கள். உங்கள் குசினிப் பின்வாசலில் தனிக் கோப்பை இருந்தால் இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். உங்கள் கடையிலோ, அலுவலகத்திலோ, பாடசாலையிலோ ஒரு விண்ணப்பம் வந்து, அதில் மஹய்யாவ என்று விலாசம் இருந்தால், அந்தப் பிள்ளையை மற்றப் பிள்ளைகளைப் போலவே கூப்பிட்டுப் பேசச் சொல்லி உங்கள் வீட்டு ஆண்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். தன் வீட்டு விலாசத்தைத் தானே எழுதும் தைரியம் ஒரு மகளுக்கு வந்தால், அதைவிடப் பெரிய இடையூறு எதை நாம் வழியிலிருந்து அகற்றப் போகிறோம்?

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பாக ஆக்கி வைப்பானாக. வழியில் நமக்குக் கை கொடுத்த, பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் நற்கூலி தருவானாக. நாமும் யாருக்காவது அப்படி ஒரு பெயர் தெரியாதவராக இருக்க வாய்ப்பளிப்பானாக. ஆமீன்.